பொட்டக்காடும் சிங்கமும்

மதுரைக்காரர்களின் யாத்திரைப் பட்டியலில் புதிதாக ஓர் இடம் சேர்ந்திருக்கிறது. பாட்டனார் காலத்தில் காசி, ராமேசுவரம். தகப்பனார் காலத்தில் டில்லி, ஆக்ரா. பிள்ளைகள் கைநிறையச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு சிங்கப்பூர், துபாய். இப்போது ஆப்பிரிக்கா! புண்ணியம் தேடியும் போகவில்லை, புடவை வாங்கவும் போகவில்லை; சிங்கம் பார்க்கப் போகிறார்கள். கூண்டுச் சிங்கம் அல்ல, சர்க்கஸ் சிங்கம் அல்ல. தன் இஷ்டப்படி எழுந்து, தன் இஷ்டப்படி படுத்து, பசித்தபோது வேட்டையாடித் தின்னும் அசல் காட்டுச் சிங்கம்.

இதற்கு நடக்கும் ஏற்பாடுகள் ஒரு கல்யாணத்துக்குக் குறைந்தவை அல்ல. ஜூலையில் போவதா, செப்டம்பரில் போவதா என்று முதல் மகாநாடு. கென்யாவின் மசாய் மாராவா, தான்ஸானியாவின் செரங்கெட்டியா என்று இரண்டாவது மகாநாடு. மதுரையிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம் கிடையாது. எங்கே மாறுவது, எத்தனை மணி நேரம் காத்துக் கிடப்பது என்று மூன்றாவது மகாநாடு. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு பத்து நாள் கழிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள். ஆகவே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டை நோக்கி ஒரு படையெடுப்பு. பிறகு தொப்பி, பைனாகுலர், காக்கிச் சட்டை. சைவக் குடும்பமானால் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய். சிங்கம் அசைவமாக இருந்தால் என்ன, பார்க்கப் போகிறவர் சைவமாக இருக்கக்கூடாதா?

இவற்றைப் பரிகாசம் செய்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. நகையில் போடாமல், வட்டிக்கு விடாமல், பிள்ளைகளுக்குக் காட்டு மிருகத்தைக் காட்ட வேண்டும் என்று சில லட்சங்களைச் செலவழிக்கத் துணிகிறவர் உள்ளபடியே ரசிகர். அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஆனால் அவர் ஆப்பிரிக்காவுக்குப் போவதைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. திரும்பி வந்த பிறகு மதுரையில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் என் வழக்கு.

அதற்கு வருமுன் வேறொரு கட்சிக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நம் தேசத்திலேயே சிங்கம் இருக்கும்போது கடல் கடந்து போவானேன்?" என்று கேட்கிறவர் அவர். இருக்கிறது, மறுப்பாரில்லை. ஆசியச் சிங்கம் உலகத்திலேயே காட்டில் உயிரோடு மிஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் வட்டாரத்தில் மட்டுந்தான். 2025-இல் எடுத்த கணக்கில் 891 என்று எண்ணினார்கள். கட்சிக்காரர் இந்த எண்ணைச் சொல்லி மீசையை முறுக்குகிறார். வீட்டு நகையெல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் திருடனுக்கு வேலை சுலபம் என்பதை அவர் யோசிக்கவில்லை. 2018-இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் கிர் காட்டின் ஒரு சரகத்தில் புகுந்து, சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டுபோயின. இப்படி ஒரு நாள் நேரும் என்று அஞ்சித்தான் சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் குடியேற்ற வேண்டும் என்று விஞ்ஞானிகள் வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். அதற்கென்று குனோவில் 24 கிராமங்களைப் பெயர்த்து வெளியே வைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் சிங்கங்களை அனுப்பச் சொல்லி 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. சிங்கம் வரவில்லை. எங்கள் ராஜ்யத்தின் பெருமையை இன்னொரு ராஜ்யத்துக்கு எப்படித் தருவது என்ற பேச்சுத்தான் வந்தது. கடைசியில் 2022 செப்டம்பரில் அந்தக் காட்டில் வந்து இறங்கியவை எவை தெரியுமா? ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து விமானத்தில் வந்த சிவிங்கிப்புலிகள்! ஆப்பிரிக்காவுக்குப் போகாதே என்று குடிமகனுக்கு உபதேசம். ஆப்பிரிக்காவையே விமானத்தில் வரவழைப்பது சர்க்கார் காரியம். சிங்கத்தைச் சொந்தப் பெருமைக்கு ஆதாரமாக வைத்துக்கொள்கிறவர்களுக்கும் சிங்கத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. அவர்களை அத்துடன் விட்டுவிடுகிறேன்.

சரி, நம் மதுரை நண்பர் மாராவில் எதைப் பார்க்கிறார்? விடியுமுன் ஜீப் புறப்படுகிறது. குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் வந்ததும் நாலு திசையிலும் தெரிவது புல். வலப்புறம் புல், இடப்புறம் புல். நடுநடுவே குடை விரித்தாற்போல் தட்டையான தலையோடு ஒரு முள்மரம். செரங்கெட்டி என்ற பெயரே முடிவில்லாத சமவெளி என்று பொருள்படும் மசாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அங்கே தேசியப் பூங்கா மட்டும் 14,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். மதுரை ஜில்லாவைப் போல ஏறக்குறைய நான்கு பங்கு. சிங்கமோ ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்துக் கிடக்கும் பிராணி. மூன்று நாள் சுற்றினால் மூன்று நாலு தடவை அதைக் காணலாம். கண்டாலும் அது கண்ணை மூடிக்கொண்டிருக்கும். ஆகவே லட்சங்களைச் செலவழித்து நம்மவர் பார்ப்பதில் பெரும்பங்கு புல்லும் வானமுந்தான். மாராவில் அந்தப் புல்வெளிக்குள் காலெடுத்து வைப்பதற்கு, 2024-இல் ஏற்பட்ட விகிதப்படி, ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டார் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 டாலர் கட்ட வேண்டும்.

நம்மவர் மனமாரக் கட்டுகிறார். கட்டிவிட்டு, "ஆகா, என்ன வெட்டவெளி! என்ன ஏகாந்தம்! ஒரு கட்டடம் உண்டா, ஒரு விளம்பரப் பலகை உண்டா?" என்று உருகுகிறார். நியாயமான உருக்கம். அவர் கண்ட ஏகாந்தம் வெறும் அழகு மட்டும் அல்ல. அங்கே நடக்கும் சம்சாரமெல்லாம் அதில் அடக்கம். மழை எங்கே பெய்கிறதோ அங்கே புல் தழைக்கிறது. புல் எங்கே தழைக்கிறதோ அங்கே லட்சக்கணக்கில் வரிக்குதிரையும், வில்டபீஸ்ட் என்று சொல்லப்படும் தாடி வைத்த மாட்டுமானும் நடந்து போகின்றன. அவை இருப்பதால் சிங்கம் இருக்கிறது. அந்த வெளியைக் கூறுபோட்டு நடுவில் வேலி கட்டுங்கள்; ஒரு சிங்கத்தைக்கூடச் சுடாமல் எல்லாச் சிங்கத்தையும் தீர்த்துவிடலாம்.

இப்போது நண்பர் ஊர் திரும்புகிறார். வீடு போய்ச் சேருவதற்குள் காரின் ஜன்னல் வழியாக ஒரு வெட்டவெளி தெரிகிறது. அங்கங்கே புல், அங்கங்கே பாறை, குடை விரித்தாற்போல் தட்டையான தலையோடு ஒரு முள்மரம். அதற்கு நம் ஊரில் குடைவேல் என்று பெயர். தெற்கே போனால் உடைமரம் என்பார்கள். ஆப்பிரிக்கப் படங்களிலெல்லாம் சூரியனுக்கு முன்னால் நிற்கும் அந்த மரத்தின் நெருங்கிய உறவுக்காரன் அவன். விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தவர்கள் அவனைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நைரோபிக்குப் பக்கத்தில் அந்த மரத்தைக் கண்டபோது காமிராவை எடுத்தவர், மதுரைக்குப் பக்கத்தில் கண்டபோது என்ன சொல்கிறார்? "சும்மா கிடக்கிற பொட்டக்காடு! சென்ட் என்ன விலை போகும்?"

இந்த இடத்தில்தான் எனக்கு அவரோடு வழக்கு.

சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னார்கள்? நம் முன்னோர் சொல்லவில்லை. ஆடும் மாடும் மேயும் நிலத்துக்கு ஒரு பூவின் பெயரைச் சூட்டி முல்லை என்றார்கள். அதற்கென்று தெய்வமும் பறையும் பண்ணும் ஒழுக்கமும் வகுத்தார்கள். வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி வந்தான். வரி வருகிற நிலம், வராத நிலம் என்று இரண்டாகப் பிரித்தான். வராத நிலம் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் கணக்கில் ஏறியது. அவன் கப்பலேறிப் போய்விட்டான். கணக்கு இங்கேயே இருக்கிறது. 2019-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பில்கூடப் புதர் நிலம், நலிந்த மேய்ச்சல் நிலம் எல்லாம் தரிசின் வகைகளாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. இந்தக் கணக்குப்பிள்ளையைச் செரங்கெட்டிக்கு அனுப்பிவைத்தால் அதையும் முதல்தரத் தரிசு என்றே எழுதிக்கொண்டு வருவார்.

தரிசு என்று எழுதியாகிவிட்டால் மேற்கொண்டு நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வர்ணக் கொடிகள் பறக்கும். இலவச வேன் வரும். மத்தியானம் பிரியாணி உண்டு. விமான நிலையம் பதினைந்து நிமிஷம், கல்லூரி பத்து நிமிஷம், ரிங் ரோடு கூப்பிடு தூரம். எந்த மரங்களை வெட்டினார்களோ அந்த மரங்களின் பெயரை மனைப்பிரிவின் தெருக்களுக்கு வைப்பார்கள். எந்தப் பசுமையை ஒழித்தார்களோ அந்தப் பசுமையை முகப்பு வளைவில் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். அடுத்த பத்து வருஷத்துக்கு அங்கே வீடும் வராது, புல்லும் வராது. மஞ்சள் பூசிய நடுகல் மட்டும் வரிசையாக நிற்கும். வாங்கினவர் குடியிருக்கவா வாங்கினார்? விலை ஏறட்டும் என்று வாங்கினார். ஏறிய விலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்? ஆப்பிரிக்காவுக்குப் போகிறார், வெட்டவெளி பார்க்க!

நரியைப் பரியாக்கியது நம் ஊர்த் திருவிளையாடல். ஆவணி மாதத்தில் மீனாட்சி கோயிலில் அந்த லீலையை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். மாணிக்கவாசகருக்காகச் சொக்கநாதர் கூப்பிட்டபோது வந்து நிற்க அன்றைக்கு மதுரையைச் சுற்றிலும் நரிகள் இருந்தன. இன்றைக்குச் சுவாமி கூப்பிட்டால் எத்தனை வரும்? உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், நரி ஊளையிட்டு நீ கேட்டிருக்கிறாயா என்று விசாரித்துப் பாருங்கள். சிங்கம் கர்ஜிப்பதைத் தொலைக்காட்சியில் நூறு தடவை கேட்டிருப்பான். நரி ஊளை என்றால் பாட்டி கதையில் வருவது என்பான்.

"அதெல்லாம் சரி ஐயா, பொட்டக்காட்டைக் காப்பாற்றினால் மதுரையில் சிங்கம் வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். வராது. இந்தியாவில் சிங்கம் நருமதையைத் தாண்டித் தெற்கே வந்ததாக உறுதியான தடயம் இல்லை என்கிறார்கள். சிங்கமே வாழாத சீமையில் இருந்துகொண்டு, யானைமலைப் பாறையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டிலேயே நரசிங்கப் பெருமாளை வைத்தவர்கள் நாம். கோயில் தூண்தோறும் யாளியை நிறுத்தி வைத்தவர்கள் நாம். கல்லிலாவது வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் உயிரோடு இருப்பதை விட்டுவைத்தார்கள். நாம் விட்டுவைத்தோமா என்பதுதான் கேள்வி.

விட்டுவைத்தால் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் போதும். மேலூர்ப் பக்கத்தில் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், அவற்றில் சமணப் படுக்கை, தமிழி எழுத்து, பாண்டியர் காலத்துக் குடைவரை. குன்றிலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சுனைகளும் கண்மாய்களும். சுற்றிலும் நீங்கள் பொட்டக்காடு என்கிற அதே நிலம். அங்கே 250 வகைப் பறவைகள் வரை கண்டு எழுதியிருக்கிறார்கள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அங்கே உண்டு. லகர் வல்லூறு வறண்ட வெட்டவெளிக்கென்றே பிறந்த வேட்டைப் பறவை. எலி, ஓணான், சிறு பறவை இவற்றின் மேல் அது பாய்ந்து விழுவதைப் பார்த்தவர்கள், சிங்கத்தின் பாய்ச்சலைப் பார்க்கவில்லையே என்று வருந்த மாட்டார்கள். தேவாங்கு இருக்கிறது, எறும்புதின்னி இருக்கிறது, மலைப்பாம்பு இருக்கிறது. 2022 நவம்பரில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று ராஜ்ய சர்க்கார் அறிவித்தது.

அறிவித்து இரண்டு வருஷம் ஆவதற்குள், 2024 நவம்பரில், அந்த இடத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. ஏலம் விட்டது மத்திய சர்க்கார். எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி. டில்லியிலிருந்து பார்த்தால் அதுவும் தரிசாகத்தான் தெரிந்திருக்கும். ஊர்க்காரர்கள் கிராமசபை கூட்டித் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்க் கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில், நடந்தும் வண்டிகளிலும், மதுரை தல்லாகுளம் வரை வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. அன்று சாலையில் நின்றவர்கள் யார்? விவசாயிகள், ஆடு மேய்க்கிறவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள். அவர்களில் மாராவைப் பார்த்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். மாராவைப் பார்த்து வந்தவர்கள் அன்று எங்கே இருந்தார்கள்? போக்குவரத்து தடைப்பட்டதென்று அலுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ!

"டங்ஸ்டன் வேண்டாமா, தொழில் வேண்டாமா?" என்று ஒரு குரல் கேட்கிறது. வேண்டும். ஆனால் எங்கே தோண்டுவது என்று தீர்மானிக்கும்போது, எங்கே ஒன்றும் இல்லை என்று முதலில் ஒரு முடிவு செய்கிறோமே, அந்த முடிவை யார் செய்கிறார்கள்? ஒன்றும் இல்லை என்ற சொல்லைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். இதே மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்த கதை 2012-இல் சந்திக்கு வந்தது. அப்போதும் அறுத்தவர்கள் சொன்னது, வெறும் பாறைதானே என்றுதான்.

இன்னும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். காட்டு மிருகத்துக்கு விலை கொடுப்பவர் யார்? நாளுக்கு 200 டாலர் கட்டியவர் தாமே கொடுத்ததாக நினைக்கிறார். 1898-இல் கென்யாவின் ஸாவோ ஆற்றங்கரையில் ரயில் பாதை போட்ட கூலிகளை இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போயின. அந்தக் கூலிகளில் பலர் இந்தியர்கள். சிங்கங்களைச் சுட்ட வெள்ளைக்காரன் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றான். சிங்கங்களின் உடல்கள் சிகாகோ காட்சிசாலையில் இருக்கின்றன. செத்த கூலிகளில் பெரும்பாலோர் பெயர்கூட உலகத்துக்குத் தெரியாது. செரங்கெட்டிப் பூங்காவுக்காக 1959-இல் மசாய் மக்களை மாடுகளோடு வெளியே அனுப்பினார்கள். 2022 ஜூனில் அதே மக்களை லோலியோண்டோ மேய்ச்சல் நிலத்தில் 1,500 சதுர கிலோமீட்டரிலிருந்து விலக்க எல்லைக்கல் நட்டபோது போலீசும் துப்பாக்கியும் வந்தன. கிர் காட்டில் இன்றைக்கு இருக்கும் சிங்கங்களில் பாதிக்கு மேல் காப்புக் காட்டுக்கு வெளியே, வயல் ஓரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் திரிகின்றன. எருமையைப் பறிகொடுத்துவிட்டு, போகட்டும் என்று பொறுத்துக்கொள்கிற மால்தாரி இடையர்களும் குடியானவர்களும் இருப்பதால் திரிகின்றன. குனோவில் 24 கிராமங்கள் எழுந்து போனதை முன்பே சொன்னேன். விலை கொடுத்தவர் எல்லாரும் மாடு மேய்ப்பவர், மண்ணை உழுபவர். டிக்கெட் வாங்கியவர் ஒருவரும் இல்லை.

நம் சீமையிலும் அதே கதைதான். கீதாரி என்று ஒருவர் உண்டு. நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து மதுரை வழியாக ஊர் ஊராக நடப்பவர். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டால் மண்ணுக்கு எரு. அவர் நடந்த வெளியெல்லாம் மனைப்பிரிவு ஆகிவிட்டது. மலைமாடு வைத்திருப்பவருக்கு மலையும் அடைபட்டுவிட்டது: 2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டு, அதே மாதத்தில் அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற வரம்புக்குள் சுருக்கியது. காட்டைக் காப்பதற்காக அது அவசியம் என்றே வைத்துக்கொள்வோம். காட்டுக்குள் போகாதே என்று மாட்டுக்காரனுக்குச் சொல்கிறவர்கள், காட்டுக்கு வெளியே அவனுக்கு இருந்த மேய்ச்சல் புறம்போக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாமா? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் இரவு பகலாகத் திரண்டோம். நல்லது, பெருமைதான். வாடிவாசலில் சீறி வருகிற புலிக்குளம் காளை எங்கே மேய்ந்து வளர்கிறது என்று நினைத்தோம்? அந்த இனம் கூட்டம் கூட்டமாகக் கிடையில் வளர்ந்து, முட்காட்டிலும் தரிசிலும் மேய்ந்து உரம் ஏறிய இனம். காளை வேண்டும் என்று கூடினோம். காளை மேய நிலம் வேண்டும் என்று ஒரு நாளாவது கூடினோமா?

விலை கொடுப்பதை முகம் சுளிக்காமல் செய்கிறவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிவகங்கை ஜில்லா வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுகுடிப்பட்டி என்று ஓர் ஊர். கண்மாய்க்கு வரும் நாரைகளும் கொக்குகளும் மிரண்டு போகக்கூடாதென்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நேற்று முளைத்த கட்டுப்பாடு அல்ல, தலைமுறையாக நடக்கிறது. குழந்தைகளுக்கு மத்தாப்புக் கொளுத்த ஆசை இருக்காதா? பறவைக்காக அதை விட்டுக்கொடுக்கிறார்கள். காட்டு உயிரைப் பார்ப்பதற்குத் தகுதிப் பரீட்சை ஒன்று வைத்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் வகுப்பில் தேறுவார்கள்.

ஆப்பிரிக்கா போகிறவர் பக்கத்தில் ஒரு பலமான வாதம் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையானவன் அல்ல. "எங்கள் டாலர் போகாவிட்டால் அங்கே சிங்கமே இராது" என்பது அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. மாராவைச் சுற்றி மசாய் நில உரிமையாளர்கள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் குத்தகைக்கு விடுகிறார்கள். உழாமல், வேலி போடாமல், மிருகங்கள் நடமாட விட்டுவைப்பதற்காக அவர்களுக்கு மாதாமாதம் பணம் வருகிறது. தங்கள் மாட்டை முறை வைத்து மேய்த்தும் கொள்கிறார்கள். குறைகள் இருக்கலாம், ஆனாலும் மூளையுள்ள ஏற்பாடு. சும்மா விட்டுவைப்பதும் ஒரு தொழில், அதற்கும் கூலி உண்டு என்று அந்த ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது. நம்மவர் கட்டிய டாலர் அந்தக் கூலியில் சேர்கிறதென்றால் சந்தோஷம். அப்படியானால், நைரோபியில் நியாயமான கூலி மேலூரில் மட்டும் ஏன் அநியாயமாகிறது? புல்லை விட்டுவைத்த குடியானவனுக்கு இங்கே யார் பணம் கொடுக்கிறார்கள்? மனை போட்டு விற்றவனுக்குத்தான் கொடுக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. முதலாவது, மேய்ச்சல் புறம்போக்கைத் தரிசு என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுக் கிராமத்துக்கே கொடுங்கள் என்று 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பைத் தாலுகா ஆபீஸ் அலமாரியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். இரண்டாவது, அரிட்டாபட்டியோடு நிற்கக்கூடாது. 2025-இல் அழகர்மலைக்கு அந்தப் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டையும் பாரம்பரியத் தலம் ஆக்கினார்கள். ஐந்து ஹெக்டேர்கூட முழுசாக இல்லாத கோயில் காடு. இவ்வளவு சிறிய துண்டுக்குச் செய்ய முடிந்தால், சாமநத்தம் கண்மாய் போலப் பறவை அடையும் இடங்களுக்கும், குன்றுகளைச் சுற்றிய வெளிகளுக்கும் செய்ய முடியாதா? மூன்றாவது, நில உரிமையாளரோ கிராமசபையோ நிலத்தை விட்டுவைத்தால் அதற்கு வருமானம் வரும்படி ஓர் ஏற்பாடு வேண்டும். மாராவில் நடக்கிற காரியத்தைப் பார்த்து வந்தவர்களே இதை எடுத்துச் சொல்லத் தகுந்தவர்கள். மிருகங்களின் படங்களை ஊருக்கெல்லாம் காட்டுகிறவர்கள் இந்தச் செய்தியையும் கூடவே சொன்னால் என்ன?

நான்காவது, நம் வீட்டுக்குள் முடிகிற காரியம். பயணம் போகுமுன் பிள்ளைகளை ஒரு விடியற்காலை அரிட்டாபட்டிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். காக்கிச் சட்டை வேண்டாம், டாலர் வேண்டாம், பஸ் சார்ஜும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். வல்லூறு வரலாம், வராமலும் போகலாம். காத்திருக்கத் தெரியாத பிள்ளை மாராவுக்குப் போயும் பார்க்கப் போவதில்லை. டிரைவரைப் பார்த்து, ஐந்து பெரிய மிருகத்தில் இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குக் கேட்கும். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற அந்த ஐந்து, நடந்து போய் வேட்டையாடுவதற்கு ஆபத்தானவை என்று துப்பாக்கிக்காரர்கள் போட்ட பட்டியல் என்பதும் அதற்குத் தெரியாது. கையில் துப்பாக்கிக்குப் பதில் காமிரா வந்திருக்கிறது. பட்டியல் அப்படியே இருக்கிறது.

ஐந்தாவதாகவும் ஒன்று உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் ஏறி மனை பார்க்கப் போகிறவர்கள், இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தரகர் உடனே, "ஒன்றும் இல்லை சார், சும்மா கிடந்தது" என்பார். வேனை விட்டு இறங்கிப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற கிழவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விடும். எந்தப் புதரில் கவுதாரி முட்டையிட்டது, எந்த மேட்டில் முயல் ஓடியது, எந்தப் பக்கத்திலிருந்து நரி வந்தது, எந்த மழைக்கு எந்தப் புல் முளைத்தது என்று அத்தனையும் சொல்வார். கேட்டுவிட்டு அப்புறமும் முன்பணம் கொடுக்க உங்களுக்கு மனம் வந்தால், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அந்தப் பணத்தின் லாபத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே ஒரு வெட்டவெளியைப் பார்த்து ஆகா என்று மட்டும் சொல்லாதீர்கள்.